மிடில்வெயிட்டில் யார் பெரியவர்? எடைப் பிரிவு விவாதத்தை உருப்படியாக நடத்தும் முறை

‘எல்லாக் காலத்திலும் பெரிய பாக்ஸர் யார்’ என்று கேட்டால் அலி என்றோ சுகர் ரே ராபின்சன் என்றோ சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அதையே ஒரு எடைப் பிரிவுக்குள் வைத்துக் கேட்டால் அப்படி நழுவ முடியாது. யார், யாரை, எந்த எடையில், எந்த வயதில் வென்றார் என்று தேதியோடு பேச வேண்டியிருக்கும். இங்கே 160 பவுண்டு மிடில்வெயிட்டை எடுத்துக்கொண்டு அந்த வேலையை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். 160 பவுண்டு என்றால் ஏறத்தாழ 72.6 கிலோ. நூறு வருடத்துக்கு மேல் வரம்பு மாறாத பிரிவு, பெரிய பெயர்களும் அதிகம். பழக இதைவிட நல்ல பிரிவு கிடையாது.

கேள்வியை எழுதி ஒட்டுங்கள்

பெரும்பாலான சண்டைகள் வீணாவது இங்கேதான். ஒருவர் சாதனையைப் பற்றிப் பேசுவார், எதிரில் இருப்பவர் திறமையைப் பற்றிப் பேசுவார். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்வார்கள், ஆனால் முடிவு வராது.

கேள்விகள் மூன்று. ஒன்று, இந்த எடையில் மொத்தமாக அதிகம் சாதித்தவர் யார்? இரண்டு, இந்த எடையில் தன் உச்சத்தில் மிகச் சிறப்பாக ஆடியவர் யார்? மூன்று, இரண்டு பேரையும் ஒரே ரிங்கில் ஏற்றினால் யார் ஜெயிப்பார்? ராய் ஜோன்ஸை வைத்துச் சோதித்துப் பாருங்கள். 1993இல் பெர்னார்ட் ஹாப்கின்ஸை வென்று ஐபிஎஃப் மிடில்வெயிட் பட்டத்தை எடுத்தார் (உலகப் பட்டம் கொடுக்கும் அமைப்புகள் பல, ஐபிஎஃப் அதில் ஒன்று). அடுத்த வருடமே 168 பவுண்டுக்குப் போய் ஜேம்ஸ் டோனியை வென்றார். முதல் கேள்விக்கு அவர் பட்டியலிலேயே வரமாட்டார். மூன்றாவது கேள்விக்கு முதலிடம் கேட்டு நிற்பார். ஒரே ஆள், கேள்வியைப் பொறுத்து இடம் அவ்வளவு மாறுகிறது.

ஆகவே பேச்சைத் தொடங்குமுன் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். பாதியில் யாராவது ‘ஆனா உச்சத்துல அவர் எப்படி இருந்தாரு தெரியுமா’ என்று ஆரம்பித்தால் அது வேறு பஞ்சாயத்து, வேறு நாளைக்கு. முதல் தடவை செய்பவர்களுக்கு முதல் கேள்வியே நல்லது, ஏனென்றால் அதற்குத்தான் ஆதாரம் தாளில் கிடைக்கும்.

எந்தச் சண்டை கணக்கில் வரும்

ஹாப்கின்ஸ் 48, 49 வயதில் லைட் ஹெவிவெயிட் (175 பவுண்டு) பட்டங்களை வைத்திருந்தது பிரமாதமான விஷயம். மிடில்வெயிட் கணக்கில் அதற்கு மதிப்பு பூஜ்யம். டெஸ்டில் யார் பெரிய பேட்ஸ்மேன் என்று பேசும்போது ஐபிஎல் ரன்னைக் கொண்டுவந்து கொட்டுவது மாதிரி அது. சண்டைப் பதிவுகளைத் தொகுக்கும் பாக்ஸ்ரெக் தளத்தில் பெரும்பாலான சண்டைகளுக்கு இரண்டு பேர் எடையும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும், பட்டத்தின் பெயரைப் பார்த்து அல்ல.

வரம்பைச் சரியாக 160இல் போட்டால் நிறைய நல்ல சண்டைகள் விழுந்துவிடும். சாம்பியன்கள் பட்டத்தைப் பணயம் வைக்காத பத்துச் சுற்றுச் சண்டைகளை அந்தக் காலத்தில் நிறைய ஆடினார்கள். எதிராளி ஜெயித்தாலும் பெல்ட் போகக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வரம்புக்கு ஓரிரு பவுண்டு மேலே எடை காட்டுவார்கள். அதனால் கூரையை 165 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் எடையும் வெவ்வேறாக இருந்தால்? கனமானவர் நின்ற எடைதான் அந்தச் சண்டையின் எடை என்று வைப்பது நியாயம். 1943 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் ஜேக் லமோட்டா ராபின்சனுக்கு முதல் தோல்வியைக் கொடுத்தபோது லமோட்டா சுமார் 16 பவுண்டு கூடுதல். எதிரில் நின்றது மிடில்வெயிட், ஆகவே ராபின்சனுக்கு நாம் எழுதப்போகும் மிடில்வெயிட் தாளில் அது தோல்விதான். ஆனால் அதே எதிராளியை அவர் மற்ற ஐந்து தடவை வென்றதும் அங்கேதான் வரும். இந்த விதியால் அடி வாங்குபவர் 1920களின் மிடில்வெயிட் சாம்பியன் ஹாரி கிரெப். 1922இல் ஜீன் டன்னியை அவர் வென்றார். டன்னி வாழ்நாளில் தோற்றது அந்த ஒரு தடவைதான். அது லைட் ஹெவிவெயிட் சண்டை என்பதால் தாளுக்கு வெளியே போகும். கிரெப் ரசிகர்கள் கத்துவார்கள், விடுங்கள். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை.

கண்காட்சிச் சண்டைகள் எந்தக் கணக்கிலும் வராது. 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் அலி ஜிம்மி எல்லிஸோடு மோதியதைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள், அலியின் ரெக்கார்டில் அப்படி ஒரு வரி இல்லை. 1900 முதல் 1920கள் வரையிலான சண்டைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பல அமெரிக்க மாநிலங்களில் நாக் அவுட் இல்லாவிட்டால் அதிகாரபூர்வத் தீர்ப்பே சொல்லக்கூடாது என்று சட்டம் இருந்தது. மறுநாள் பத்திரிகைக்காரர்கள் எழுதியதுதான் முடிவு. கிரெப் ஆடிய ஏறத்தாழ 300 சண்டைகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டவை. இவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சேர்த்தால் கிரெப் மலை, சேர்க்காவிட்டால் சாதாரணக் குன்று.

ஒருவருக்கு ஒரு தாள்

ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். ஐந்து பேரை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டால் 10 ஒப்பீடு வரும், ஒரே மாலையில் முடியும். பத்துப் பேர் என்றால் 45, பாதியில் எல்லோரும் களைத்துப்போய் பழக்கமான பெயருக்குத் தலையாட்டிவிடுவார்கள். மிடில்வெயிட்டுக்குக் கார்லோஸ் மொன்சோன், மார்வின் ஹாக்ளர், ஹாப்கின்ஸ், ராபின்சன், கிரெப் என்ற ஐவர் போதும். கெனாடி கோலோவ்கின் வேண்டுமென்றால் ஐவரில் யாரை நீக்குகிறீர்கள் என்று சொல்லிவிட்டு நுழையுங்கள்.

ஒவ்வொரு தாளிலும் இந்த எடையில் அவர் பெற்ற சிறந்த ஐந்து வெற்றிகளையும், மிக மோசமான மூன்று தோல்வி அல்லது டிராக்களையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, இரண்டு பேர் எடை, எதிராளியின் வயது, அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் எதிராளி எத்தனை தடவை ஆடினார், அந்தத் தோல்விக்குப் பிறகு என்ன ஆனார். கடைசிக் கட்டத்தை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். 1997இல் ஹாப்கின்ஸ் கிளென் ஜான்சனை 11ஆம் சுற்றில் நிறுத்தியபோது ஜான்சன் தோல்வி காணாத, ஆனால் பெரிதாக யாருக்கும் தெரியாத ஆள். 2004இல் அதே ஜான்சன் ராய் ஜோன்ஸை நாக் அவுட் செய்த பிறகுதான் ஹாப்கின்ஸின் அந்த வெற்றியின் எடை புரிந்தது.

வயதுக் கட்டம் ஏன் முக்கியம் என்பதற்குப் பென்னி பிரிஸ்கோவைப் பாருங்கள். மொன்சோன், ஹாக்ளர் இருவரும் அவரோடு மோதியிருக்கிறார்கள். 1967இல் மொன்சோனோடு டிரா. 1972இல் 15 சுற்றில் மொன்சோனுக்கு வெற்றி, அப்போது பிரிஸ்கோவுக்கு 29. ஹாக்ளர் அவரை வென்றது 1978இல், அப்போது வயது 35. ‘இருவரும் பிரிஸ்கோவை வென்றார்கள்’ என்ற வரி உண்மை, ஆனால் ஒன்றும் சொல்லாத உண்மை.

மார்க் போட்டுக் கூட்டுகிற முறையையும் சிலர் வைத்திருக்கிறார்கள்: எதிராளிகளின் தரத்துக்கு 40, ஆட்சிக்காலத்துக்கு 25 என்றெல்லாம். அது வேண்டாம். 83க்கும் 81க்கும் நடுவே இருக்கிற இரண்டு மார்க்குக்கு அர்த்தம் கிடையாது, ஆனால் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இதில் எது கனம்’ என்று மட்டும் கேளுங்கள்.

பெல்ட் எண்ணிக்கையில் ஏமாறாமல் இருக்க

பட்டத்தைத் தொடர்ந்து தக்கவைத்த எண்ணிக்கை: ஹாப்கின்ஸ் 20, கோலோவ்கின் 20, மொன்சோன் 14, ஹாக்ளர் 12. இதை மட்டும் பார்த்தால் விவாதம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், தப்பாக முடியும்.

ஹாப்கின்ஸ் 1995இல் ஐபிஎஃப் பட்டத்தை எடுத்தார். ஃபீலிக்ஸ் டிரினிடாடை 12ஆம் சுற்றில் நிறுத்தி மற்றவற்றோடு இணைத்தது 2001 செப்டம்பரில். நடுவே ஆறு வருடம் டபிள்யூபிஏ, டபிள்யூபிசி என்ற மற்ற அமைப்புகளின் பட்டங்கள் வேறு ஆட்களிடம். கோலோவ்கினின் ஆரம்பக் கணக்கு டபிள்யூபிஏவின் ‘ரெகுலர்’ பட்டத்தில் ஓடியது, அதற்கு மேல்படியான, அதே அமைப்பின் ‘சூப்பர்’ சாம்பியனாக ஃபீலிக்ஸ் ஸ்டர்ம் இருந்தபோது. ஹாக்ளர் 1980 செப்டம்பரில் வெம்ப்ளியில் ஆலன் மிண்டரை மூன்றே சுற்றில் நிறுத்தியபோது ஒரே அடியில் முழுச் சாம்பியன். ஆகவே எண்ணிக்கைக்குப் பக்கத்தில், ‘அந்த நேரத்தில் இந்தப் பிரிவில் வேறு யாராவது தன்னைச் சாம்பியன் என்று சொல்லிக்கொள்ள நியாயம் இருந்ததா’ என்று ஒரு கட்டம் போடுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பட்டமே கிடைக்காதவர்கள். அப்போதைய சாம்பியன் டோனி ஸேல் அமெரிக்கக் கடற்படையில் இருந்ததால் 1942 முதல் 1946 வரை மிடில்வெயிட் பட்டம் முடங்கிக் கிடந்தது. அந்த வருடங்களில் சார்லி பர்லி, ஹோல்மன் வில்லியம்ஸ் போன்ற கறுப்பின வீரர்கள் உச்சத்தில் இருந்தார்கள். பர்லி 1944இல், பின்னாளில் லைட் ஹெவிவெயிட் சாம்பியனான ஆர்ச்சி மூரையே வென்றவர். அவருக்குக் கடைசிவரை உலகப் பட்டச் சண்டை தரப்படவில்லை. நிற வேற்றுமையும் பணக் கணக்கும் சேர்ந்து செய்த வேலை. பெல்ட்டை வைத்து மட்டும் அளந்தால் அந்த அநியாயத்துக்கு நாமும் ஒரு கையெழுத்துப் போட்ட மாதிரி.

சின்ன ஆளை அடித்தாரா?

மிடில்வெயிட் விவாதத்தில் தவறாமல் வரும் குற்றச்சாட்டு இது. ஹாக்ளரின் பெரிய பெயர்களைப் பாருங்கள். ராபர்ட்டோ துரான் 135 பவுண்டில் ஆண்டவர். தாமஸ் ஹியர்ன்ஸ் 147இல் தொடங்கி 154இல் சாம்பியன். ரே லெனர்ட் வெல்டர்வெயிட், அதாவது 147. ஜான் முகாபிகூட 154இலிருந்து ஏறி வந்தவர். ஹாக்ளர் எதிர்ப்பாளர்கள் இதோடு நிறுத்திவிட்டு ஜெயித்ததாக நினைப்பார்கள்.

உடனே மற்றத் தாள்களையும் திறக்கச் சொல்லுங்கள். மொன்சோன் 1974இல் பாரிஸில் வென்ற ஹோசே நாபொலெஸ் வெல்டர்வெயிட் சாம்பியன். ஹாப்கின்ஸின் இரண்டு பெரிய இரவுகள் டிரினிடாடும் ஆஸ்கர் டி லா ஹோயாவும், இருவரும் கீழேயிருந்து வந்தவர்கள். குறை மூன்று பேருக்கும் பொது. எனவே அந்த வெற்றிகளைத் தனியாக ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருக்கும் அசல் மிடில்வெயிட்டுகளை ஒப்பிடுங்கள். விவாதம் உயிர்பெறுவது இந்த இடத்தில்தான்.

மொன்சோன் தாளில் மிஞ்சுவது: 1970 நவம்பரில் ரோமில், எதிராளியின் சொந்த மண்ணில், 12ஆம் சுற்றில் நினோ பென்வெனுட்டி. பிறகு மறுபடியும் பென்வெனுட்டி. இரண்டு தடவை மிடில்வெயிட் சாம்பியனாக இருந்த எமில் கிரிஃபித்மேல் இரண்டு வெற்றி. பிரிஸ்கோ. எல்லாவற்றுக்கும் மேலே 1976, 1977இல் ரோட்ரிகோ வால்டெஸ். வால்டெஸுக்கு அப்போது 29, 30 வயது, மொன்சோனைவிட இளையவர், முதல் சண்டையின்போது டபிள்யூபிசி பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர். இரண்டாவதில் மொன்சோன் இரண்டாம் சுற்றில் தரையில் விழுந்து, எழுந்து, 15 சுற்று முடிவில் வென்று, ஓய்வு பெற்றார். ஹாக்ளர் தாளில் மிஞ்சுவது மிண்டர், ஆண்டுவோஃபெர்மோ, ஹாம்ஷோ, சிப்சன், ஒபெல்மெஹியாஸ். கெட்டியான ஆட்கள், ஆனால் வால்டெஸ் அளவுக்கு இல்லை.

டிரினிடாடைப் பற்றி ஒரு திருத்தம். ‘வெல்டர்வெயிட்டை அடித்தார்’ என்று சொல்வது அரை உண்மை. நான்கு மாதம் முன்பு அவர் 160இல் வில்லியம் ஜாப்பியை ஐந்தே சுற்றில் நிறுத்தியிருந்தார்.

ஃபிலிமை எப்படிப் பார்ப்பது

ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு வாதாட வராதீர்கள். விழுந்ததும் விழவைத்ததும் மட்டும்தான் அதில் இருக்கும். ஒருவருக்கு மூன்று முழுச் சண்டை: ஒன்று எளிதாக வென்றது, ஒன்று கஷ்டப்பட்டு வென்றது, ஒன்று தோற்றது அல்லது தோற்கப் பார்த்தது. ஊமைப்படக் காலத்துச் சண்டைகளில் ஆட்கள் துள்ளித் துள்ளி ஓடுவது அவர்கள் குற்றமில்லை. நொடிக்குப் பதினாறு சட்டகம் போலக் கையால் சுற்றி எடுத்ததை 24இல் ஓட்டுகிறார்கள். வேகத்தை 0.75க்குக் குறைத்தால் மனிதர்களாகத் தெரிவார்கள். கிரெப்புக்கு அதுவும் உதவாது. அவர் பயிற்சி செய்யும் துண்டுப்படம் உண்டு, சண்டைப் படம் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது, மூன்றாவது கேள்விகளிலிருந்து அவரை விலக்கிவைப்பதுதான் நேர்மை.

மார்க் போடப் பழக 1987 ஏப்ரல் 6, லெனர்ட்–ஹாக்ளர் சண்டையை எடுங்கள். ஒலியை முழுசாக அணைத்துவிடுங்கள். வர்ணனையாளர் ஒருவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நம் கண்ணும் அவர் பின்னாலேயே போகும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நிறுத்தி 10–9 (சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9) யாருக்கு என்று எழுதிவிட்டுத்தான் அடுத்ததை ஓட்ட வேண்டும், பின்னால் போய்த் திருத்தக்கூடாது. ஹாக்ளர் சவுத்பா, அதாவது இடதுகை நிலையில் நிற்கும் ஆள், ஆனால் ஆரம்பச் சுற்றுகளில் வலதுகை நிலையில் நின்று ஆடுவதைக் கவனியுங்கள். அந்தச் சுற்றுகள் போயின. பிறகு நடுச் சுற்றுகளில் ஒவ்வொரு மூன்று நிமிடத்தையும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டரை நிமிடம் ஹாக்ளர் முன்னே வந்து அழுத்துவார். கடைசி முப்பது விநாடி லெனர்ட் வேகமாகச் சரமாரியாக விடுவார், கூட்டம் எழுந்து கத்தும். அந்தச் சரத்தில் எத்தனை குத்து கையுறையிலும் முழங்கையிலும் பட்டது என்று எண்ணுங்கள். ஒலி இருக்கும்போது ஒரு கணக்கு, இல்லாதபோது வேறு கணக்கு வரும்.

நடுவர்களில் ஒருவர் லெனர்டுக்கு 118–110 கொடுத்தார். ஒருவர் லெனர்டுக்கு 115–113, இன்னொருவர் ஹாக்ளருக்கு 115–113. கடைசி இரண்டையும் நியாயப்படுத்தலாம். 118–110ஐ எவ்வளவு முயன்றாலும் முடியாது. உங்கள் அட்டை இந்த மூன்றில் எதற்கு அருகே வருகிறது என்பது நீங்கள் எதற்கு மார்க் போடுகிறவர் என்று உங்களுக்கே காட்டிவிடும். முன்னேறி வருவதற்கா, சுத்தமான குத்துக்கா? விவாதத்தில் அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

நேருக்கு நேர் வைப்பதென்றால்

மொன்சோன்–ஹாக்ளர் மோதினால் யார்? பதில் சொல்லுமுன் எந்த வருடத்து விதி என்று கேளுங்கள். 1982 நவம்பரில் ரே மான்சினியோடு 14 சுற்று ஆடி விழுந்த கொரிய வீரர் கிம் டுக்-கூ இறந்தபிறகு டபிள்யூபிசி பட்டச் சண்டைகளை 12 சுற்றாகக் குறைத்தது. மற்ற அமைப்புகள் சில வருடம் கழித்துப் பின்பற்றின. அந்த மூன்று சுற்று எவ்வளவு மாற்றும் என்பதற்கு 1983 நவம்பர் ஹாக்ளர்–துரான் சாட்சி. 13 சுற்று முடிந்தபோது இரண்டு நடுவர் அட்டைகளில் துரான் ஒரு புள்ளி முன்னால் இருந்தார். 14, 15ஐ வென்றுதான் ஹாக்ளர் பட்டத்தைக் காப்பாற்றினார். ஹெவிவெயிட்டில் 1941இல் ஜோ லூயிஸ் பில்லி கானை 13ஆம் சுற்றில் வீழ்த்தியபோதும் லூயிஸ் பின்தங்கித்தான் இருந்தார்.

எடை பார்க்கும் நேரமும் அப்படித்தான். முன்பு சண்டை நாளன்றே எடை. இப்போது முந்தின நாள், இரவு முழுக்கத் தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு பத்துப் பவுண்டுக்கு மேல் கூடி ரிங்குக்கு வருகிறார்கள். ‘160’ என்ற சொல்லுக்கு 1925இல் ஒரு உடம்பு, இன்றைக்கு வேறு உடம்பு. கலப்பு விதி போடாதீர்கள். ஏதாவது ஒரு காலத்து விதியை முழுசாக எடுங்கள்.

‘அ ஆவை வென்றார், ஆ இயை வென்றார், ஆகவே அ இயை வெல்வார்’ என்பது இந்த விளையாட்டில் ஓடாது. ஜார்ஜ் ஃபோர்மன், அலியைத் தோற்கடித்திருந்த ஃப்ரேசியரையும் நார்டனையும் தலா இரண்டே சுற்றில் முடித்தார். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலி அதே ஃபோர்மனை எட்டாம் சுற்றில் படுக்கவைத்தார். நேரடி மோதல் முடிவைக்கூட அப்படியே தரவரிசையாக்க முடியாது. ஃபெதர்வெயிட்டில் சேண்டி சேட்லர் வில்லி பெப்பை நான்கில் மூன்று தடவை வென்றார். ஆனால் நான்கும் 1947 விமான விபத்தில் பெப் படுகாயமடைந்ததற்குப் பின்னால் நடந்தவை. சாதனைக் கேள்வியில் பெப்பை மேலே வைப்பவர்கள் ஏராளம்.

தாளை மூடுமுன்

முதல் கேள்விக்கு மேலே சொன்ன விதிகளின்படி எங்கள் வரிசை: மொன்சோன், ஹாக்ளர், கிரெப், ஹாப்கின்ஸ், ராபின்சன். 1964க்குப் பிறகு மொன்சோன் தோற்கவே இல்லை என்பதும் வால்டெஸ் வெற்றிகளும்தான் முடிவு செய்தன. பத்திரிகைத் தீர்ப்புகளுக்கு முழு மதிப்பு கொடுப்பவர் கிரெப்பை முதலில் வைத்தால் தடுக்க முடியாது. ராபின்சன் கடைசியா என்று கோபப்படுவார்கள். ஐந்து தடவை இந்தப் பட்டத்தை எடுத்தார் என்பது, நான்கு தடவை ரிங்கில் இழந்தார் என்பதையும் சேர்த்துத்தான்: டர்பின், ஃபுல்மர், பசீலியோ, பெண்டர். ராபின்சனின் உண்மையான ராஜ்யம் 147. மொன்சோன் 1988இல் தன் துணைவியைக் கொன்று சிறைக்குப் போனவர். அதைச் சொல்லாமல் மறைக்க வேண்டாம், ரிங் கணக்கோடு குழப்பவும் வேண்டாம்.

அடுத்ததாகக் குறைந்த நேரத்தில் முடிக்க, ஹெவிவெயிட்டுக்குக் கீழே இருக்கும் க்ரூஸர்வெயிட்டை எடுக்கலாம். எவாண்டர் ஹோலிஃபீல்டும் ஒலெக்சாண்டர் உசிக்கும், ஹெவிவெயிட் வெற்றிகள் எதுவும் உள்ளே வரக்கூடாது. ஹோலிஃபீல்ட் காலத்தில் வரம்பு 190, உசிக் காலத்தில் 200, எனவே எடைக் கட்டத்தைக் கவனமாக நிரப்புங்கள். உசிக்கின் ஐந்து வெற்றிகள் தாமாகவே அமையும்: போலந்தில் குவோவாட்ஸ்கி, பெர்லினில் ஹக், ரிகாவில் பிரைடிஸ், மாஸ்கோவில் காசியேவ், மான்செஸ்டரில் பெல்யூ, ஐந்தும் எதிராளி நாட்டில். ஹோலிஃபீல்ட் பக்கம் 1986 ஜூலையில் டுவைட் முகமது காவியோடு 15 சுற்று. உசிக் தாளில் 12ஐத் தாண்டிய சுற்றே கிடையாது.